ஒன்றரையடி உயரத்திலிருந்து விழுந்தவரின் சினிமாப் பிரவேசம்

இருபத்திரண்டு வருடங்கள் லிஃப்ட் குழிகளுக்குள் கயிற்றோடு கயிறாகத் தொங்கிப் பிழைத்த மெக்கானிக், கடைசியில் விழுந்தது ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலிலிருந்து. உயரம் ஒன்றரை அடி. சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றப் போனவர், கடிகாரத்தையும் சேர்த்து அணைத்துக்கொண்டு மல்லாந்தார். பதினேழு நாள் நினைவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் முறை வைத்து ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதார்கள். அவர் கண் விழித்த மறுநாளே அதே ஆட்கள் அவருக்கு ‘ஒன்றரையடி’ என்று பேர் வைத்துவிட்டுப் போனார்கள். அன்பு என்றால் அதுதான்.

வீட்டுக்கு வந்தபோது உடம்பில் ஒரு கீறல் இல்லை. வினையே அங்கேதான் ஆரம்பித்தது. கை உடைந்தவனுக்கு மாவுக்கட்டு சாட்சி சொல்லும். மூளை குலுங்கியவனுக்கு யார் சாட்சி? பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே இருக்கீங்க” என்றார்கள். அந்தக் குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

உண்மையில் தலைக்குள் பல தளங்களில் லிஃப்ட் நிற்கவே இல்லை. காலையில் சாப்பிட்டது பத்து மணிக்கு ஞாபகம் இருக்காது. மூக்கு சுத்தமாக வேலையை ராஜினாமா செய்துவிட்டது. மல்லிகையும் சாக்கடையும் அவருக்கு ஒன்று. மத்தியானம் பன்னிரண்டு அடித்தால், யாரோ ஃபியூஸைப் பிடுங்கியதுபோல, பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவிலேயே தூங்கிப்போவார். போதாக்குறைக்கு, மனசில் தோன்றுவதற்கும் வாயில் வருவதற்கும் நடுவே எல்லோருக்கும் ஒரு கதவு இருக்குமே, அது கழன்று விழுந்துவிட்டது. எதிர் வீட்டம்மா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து “எப்படி இருக்கு?” என்று கேட்டபோது, “சோபாவுக்கு உறை போட்ட மாதிரி இருக்கு” என்றார். அந்தம்மா மூன்று மாதமாக இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்து நாள் முழுக்கச் சிரித்தாக வேண்டிய அவர் மனைவி, கல்யாணமான இத்தனை வருடத்தில் வீட்டுக்கு வந்து தானாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஞாபகத்தை நம்பிப் பயனில்லை என்று தெரிந்ததும் மெக்கானிக் தொழில்முறையில் இறங்கினார். மஞ்சள் சீட்டு நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றும் அவர் கையால் எழுதி, அவர் கையால் ஒட்டியது. குளியலறைக் கண்ணாடியில்: ‘பிரஷ்ஷைத் தொட்டுப் பார். ஈரம் என்றால் பல் தேய்த்தாயிற்று.’ அடுப்புக்கு மேலே: ‘அணைத்தாயா? திரும்பிப் போய்ப் பார்.’ வாசற்கதவில்: ‘சாவி. கண்ணாடி. கால்சட்டை.’ மூன்றாவது வார்த்தை ஒரு செவ்வாய்க்கிழமைச் சம்பவத்துக்குப் பிறகு சேர்க்கப்பட்டது.

இப்படியாகக் குடும்பம் சீட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். வேலைக்குத் திரும்ப வேண்டும். லீவு மாதக் கடைசியோடு முடிகிறது. முடிவு சூப்பர்வைசர் கையில். ஒரு நாள் காலை சூப்பர்வைசரே போன் செய்தார்.

“டாக்டர் குடுத்த பேப்பரை மூணு தடவ படிச்சேன்யா. வரலாம்னும் போட்டிருக்கு, வரக்கூடாதுன்னும் போட்டிருக்கு.”

“நான் நேர்ல வரேன் சார்.”

“நேர்ல வந்தா நல்லாத்தான் இருப்ப. அரை மணி நேரம் யார் வேணா நல்லா இருக்கலாம். உன்ன வச்சு யாரோ படம் எடுக்கறாங்களாமே. அதப் பாத்துட்டு சொல்றேன். கடைசி ஞாயித்துக்கிழமைதான காட்டறாங்க?”

படம் என்பது உண்மைதான். தலையில் அடிபட்டு மீண்டவர்களுக்காக ஊரில் ஒரு சங்கம் இருந்தது. மூளைக் காயத்துக்குப் பின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று ஜனங்களுக்குப் புரியவைக்க ஒரு ஆவணப்படம் எடுக்கச் சங்கம் தீர்மானித்தது. ஆள் பிடித்துக் கொடுத்தது மெக்கானிக்கின் மச்சினன். மாடியில் குடியிருப்பவன், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். டைரக்டரம்மா கடைக்கு நகல் எடுக்க வந்தபோது, “எங்க மாமா இருக்காரு, தலை பூரா அடி” என்று பெருமையாகச் சொல்லிவைத்தான். சூப்பர்வைசருக்குச் செய்தி போனதும் அதே வாய் வழியாகத்தான்.

டைரக்டரம்மா இதற்கு முன் வற்றிப்போன ஓர் ஏரியைப் பற்றிப் படமெடுத்துப் பரிசு வாங்கியவர். இளகிய மனசு. ஆனால் ஏரி எதிர்த்துப் பேசியதில்லை. மெக்கானிக் பேசினார்.

“ஜன்னல் வழியா தூரமா பாருங்க சார்.”

“பாக்கறேம்மா. என்ன தெரியணும்?”

“நீங்க இழந்துபோன வாழ்க்கை.”

“எதிர் வீட்டு பாத்ரூம்தாம்மா தெரியுது.”

பதினோரு தடவை பார்க்கச் சொன்னார். பதினோரு தடவையும் பார்த்தார். பன்னிரண்டாவது தடவை எதிர் வீட்டம்மா வெளியே வந்து, இனி பார்த்தால் போலீசுக்குப் போவேன் என்றார்.

விழுந்த இடத்தைப் படம் பிடிக்க வேண்டும் என்று கேட்டபோது மெக்கானிக் உற்சாகமாக ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்தார். ஆரஞ்சு நிறம். நடுவில் வாத்துப் படம். டைரக்டரம்மா அதை நெடுநேரம் பார்த்தார்.

“லிஃப்ட் குழியில எப்பவாவது விழுந்திருக்கீங்களா சார்?”

“இல்லம்மா.”

“லேசா?”

“லேசா விழுந்தா நான் எப்படிம்மா இங்க உக்காந்திருப்பேன்?”

இரண்டாம் நாள் சமையலறையில் படப்பிடிப்பு. மனைவி பல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். பதினோரு மணிக்குப் பேட்டிக்காக வருவதாகச் சொல்லியிருந்தாள். மெக்கானிக்கை முன்னறையில் உட்காரவைத்து டைரக்டரம்மா அவருடைய வலிகளை விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில், கேமராக்காரர் சமையலறையில் விளக்குப் போட்டார். மஞ்சள் சீட்டெல்லாம் கண் கூசும்படி பளபளத்தது. அவர் ஒழுங்கான மனிதர். எல்லாச் சீட்டையும் நோகாமல் உரித்தெடுத்து, காலி அடுப்பையும் சீட்டில்லாத டப்பாக்களையும் சோகமாகப் படம் பிடித்து, பிறகு ஒன்று விடாமல் திரும்ப ஒட்டினார். எங்கே எது இருந்தது என்பதில் மட்டும் அவர் தன் கலையுணர்வை நம்பினார்.

பத்தரை மணிக்கு மெக்கானிக் எழுந்தார். “டீ போடறேன். நானே போடுவேன்.” டைரக்டரம்மாவின் கண் கலங்கியது. கேமரா ஓடட்டும் என்று கையைக் காட்டினார்.

மெக்கானிக் தண்ணீர் வைத்தார். ‘டீத்தூள்’ என்று சீட்டு ஒட்டிய டப்பாவைத் திறந்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ இருந்தது. நாலு கரண்டி போட்டார். கொதிக்கவிட்டார். பால் விட்டார், சர்க்கரை தாராளமாகப் போட்டார். அது மீன் தீனி. சர்வ சாதாரணமான, தொட்டி மீனுக்குப் போடுகிற தீனி. வீடு முழுக்க ஒரு குளம் வந்து உட்கார்ந்துகொண்டதுபோல நாற்றம் எழுந்தது. வீட்டிலேயே அதை அறியாத ஒரே மூக்கு, டீ போட்டவருடையது.

நாலு கோப்பைகள் வந்தன. வாசனை பிடித்து மாடியிலிருந்து இறங்கி வந்த மச்சினனுக்கும் ஒன்று.

டைரக்டரம்மா ஒரு வாய் குடித்தார். மனித மனம் எவ்வளவு உயர்ந்தது என்பதற்கு அந்த முகம் உதாரணம். அடிபட்ட ஒரு மனிதர், தன் கையால், எத்தனை பாடுபட்டு! துப்ப மனசு வருமா? விழுங்கினார். கேமராக்காரர் ஒரு கண்ணைக் கேமராவில் வைத்தபடியே விழுங்கினார். அந்த ஒற்றைக் கண்ணில் நீர் நின்றது.

“எப்படி இருக்கு?” என்றார் மெக்கானிக்.

“ரொம்ப... ஆழமா இருக்கு சார்.”

“நீ சொல்றா.”

“வித்தியாசமா இருக்கு மாமா,” என்றான் மச்சினன். “கடலோரமா இருக்கு.”

“இன்னும் கொஞ்சம் ஊத்தவா?”

“ஐயோ போதும் சார், மனசு நிறைஞ்சிருச்சு.”

ஊற்றினார். குடித்தார்கள். இரக்கம் என்று வந்துவிட்டால் பின்வாங்க முடியாது.

மெக்கானிக் தன் கோப்பையை ரசித்துக் காலி செய்தார். இனிப்பு மட்டும் அவருக்குத் தெரியும், இனிப்பு சரியாக இருந்தது. பிறகு மீன்தொட்டிக்குப் போய், ‘மீனுக்கு ஒரு சிட்டிகை’ என்ற சீட்டின்படி, ‘மீன் தீனி’ என்று ஒட்டியிருந்த டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினார். நல்ல முதல்தரமான டீத்தூள். நாலு தங்கமீன்களும் ஒரு கணம் யோசித்தன. அப்புறம் தொட்டியைச் சுற்றி ஆரம்பித்த ஓட்டம் நிற்கவே இல்லை.

டைரக்டரம்மா கேமராக்காரர் காதில் மெல்லச் சொன்னார். “மீன்களை எடுங்க. அதுங்களுக்குக்கூட இவரோட தவிப்பு புரியுது.”

சரியாகப் பதினோரு மணிக்கு மனைவி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“என்ன செத்துச்சு இங்க?”

தம்பியின் கையிலிருந்த கோப்பையை வாங்கி மோந்து பார்த்தாள்.

“டேய், இதக் குடிச்சியா?”

“ரெண்டு கப்புக்கா. மாமா மனசு நோகக் கூடாதுன்னு...”

அவள் சமையலறைக்குள் போய் டப்பாக்களைத் திறந்து பார்த்தாள். திரும்பி வந்து, “ஏங்க, டீத்தூள் டப்பாவுல மீன் தீனி இருக்கு,” என்றாள்.

மெக்கானிக்கின் முகம் மாறியது. எழுந்து போய் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தார். ‘கொதித்ததும் அணை’ என்பது மாதக் காலண்டரில் இருந்தது. ‘திறந்தால் மூடு’ என்பது ஜன்னல் கம்பியில் இருந்தது. அடுப்புச் சீட்டு ஃபிரிட்ஜில்.

“இது நான் போட்ட சீட்டு,” என்றார். “யாரு எடுத்தா?”

லிஃப்ட் வேலையில் ஒரு சட்டம் உண்டு. குழிக்குள் இறங்குபவன் மேலே சுவிட்சை அணைத்து, ‘வேலை நடக்கிறது’ என்று தன் பேர் போட்ட அட்டையை அதில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். அந்த அட்டையை மாட்டியவன் மட்டும்தான் எடுக்கலாம். முதலாளி வந்தாலும், மந்திரி வந்தாலும், மேலே லிஃப்டுக்காகப் பிரசவ வலியில் ஒருத்தி நின்றாலும் வேறு கை படக் கூடாது. பட்டால் கீழே இருப்பவன் சட்னி. இருபத்திரண்டு வருடம் அந்த அட்டையின் பேரில்தான் அவர் உயிரோடு இருந்தார். மண்டையிலிருந்து எத்தனையோ போனது, அந்தச் சட்டம் போகவில்லை. கண்ணுக்கு முன்னால் இருப்பதைவிட அட்டையில் இருப்பதை நம்பு. ஆகவே தீனியைப் பார்த்தும் டீ என்றே நம்பினார்.

கேமராக்காரர் கையைத் தூக்கினார். “வெளிச்சத்துல மின்னுச்சு சார். அழகா திரும்ப ஒட்டிட்டேன்.”

“அழகா ஒட்டிட்டாராம்,” என்றாள் மனைவி. அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே சுவரில் சாய்ந்தாள், சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்தாள். மெக்கானிக்குக்கும் பற்றிக்கொண்டது. அடிபட்டதிலிருந்து அவர் சிரிப்புக்கு பிரேக் கிடையாது. மச்சினன் வாய் கொப்பளித்துக்கொண்டே சிரித்தான். தொட்டித் தண்ணீரை மாற்றியபிறகு மீன்கள்கூட நிதானத்துக்கு வந்தன. சிரிக்காதவர் ஒருவர்தான். டைரக்டரம்மா இரண்டாவது கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

பத்து நாள் கழித்து லேப்டாப்போடு வந்தார். தொகுத்த படத்தைப் போட்டுக் காட்டினார். இருபத்தைந்து நிமிடம். இருபத்து நாலில் வயலின். ஜன்னலோரம் ஒரு மனிதர் நிற்கிறார். சீட்டில்லாத டப்பாக்கள். காலி நாற்காலி. ‘இன்று அவர் ஒரு நிழல்’ என்று டைரக்டரம்மாவின் குரல் தழுதழுக்கிறது. மீன்கள் சுற்றுகின்றன, சுற்றுகின்றன. டீ இல்லை.

படம் முடிந்தது. மனைவி கேட்டாள். “யாரும்மா இந்த ஆளு?”

“பாவம்,” என்றார் மெக்கானிக் மனசார. “இவனுக்கு எவன் வேலை குடுப்பான்?”

டைரக்டரம்மாவுக்குப் புரியவில்லை. மனைவி விளக்கினாள். “சூப்பர்வைசர் இந்தப் படத்தப் பாத்துதாம்மா முடிவு சொல்லப் போறாரு. இதப் பாத்தா வேலை தர மாட்டாரு. மாலை வாங்கிட்டு வருவாரு.”

“டீ போட்டது எங்கம்மா?” என்றார் மெக்கானிக்.

“அது வேணாம் சார். உங்களக் கேலி பண்ற மாதிரி ஆயிடும்.”

“என்னையா? நான் சீட்டுல இருந்தத செஞ்சேன். குடிச்சது நீங்க.”

கதவு கழன்ற வாய் அத்தோடு நிற்கவில்லை. “உங்களுக்கு என்னப் பாத்தா பாவமா இருந்துச்சு. அதனால மீன் தீனியக் குடிச்சீங்க. ஊரே எனக்கு அதத்தாம்மா செய்யுது. நான் தப்பு பண்ணினா சிரிச்சிக்கிட்டே முழுங்கிடறாங்க. தப்புன்னு எவனும் சொல்றதில்ல. சொன்னாத்தான திருத்திக்குவேன்? உங்க படத்துல நான் கத்துக்கிட்டது அதான். அதவே வெட்டிட்டீங்க.”

டைரக்டரம்மா லேப்டாப்பை மூடினார். முகம் சிவந்திருந்தது. பரிசு வாங்கிய ஒருவர் குளத்து நாற்றக் கஷாயத்தை இரண்டு கோப்பை குடித்ததை ஊருக்குக் காட்டுவதென்றால் சும்மாவா? கிளம்பிப் போனார். மணி பன்னிரண்டு. மெக்கானிக் “ஏம்மா கோவிச்சுக்கிட்டு...” என்று ஆரம்பித்து அங்கேயே தூங்கிப்போனார். மனைவிக்குத் தூக்கம் வரவில்லை. மாதக் கடைசிக்கு எட்டு நாள் இருந்தது.

மூன்றாம் நாள் போன் வந்தது. “வயலின்காரருக்கு என்மேல பயங்கரக் கோவம்,” என்றார் டைரக்டரம்மா. “அவர் வாசிச்சதுல ரெண்டு நிமிஷம்தான் மிச்சம்.”

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் மண்டபத்தில் இருநூறு பேர். முன்வரிசையில் அடிபட்டவர்கள். வெளிச்சம் தாங்காமல் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு டீச்சர். சத்தம் தாங்காமல் காதில் பஞ்சு வைத்த ஒரு பேங்க் கிளார்க். பின்னால் குடும்பத்தார். அவர்களுக்கும் பின்னால் ஒன்றும் ஆகாத ஊர்க்காரர்கள், கைக்குட்டையோடு தயாராக. மூன்றாம் வரிசை ஓரத்தில் சூப்பர்வைசர், கையைக் கட்டிக்கொண்டு.

டீக் காட்சி வந்தது. முதல் கோப்பையை டைரக்டரம்மா திரையில் விழுங்கியபோதே முன்வரிசை வெடித்தது. கறுப்புக் கண்ணாடி டீச்சர் நாற்காலிக் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பின்வரிசைக்காரர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘கடலோரமா இருக்கு’ என்று மச்சினன் சொன்ன இடத்தில் அவர்களாலும் முடியவில்லை. கைக்குட்டைகள் வேறு வேலைக்குப் பயன்பட்டன.

படம் மற்றதையும் மறைக்கவில்லை. சொந்தத் தெருமுனையில் வீட்டுக்கு வழி தெரியாமல் அரை மணி நேரம் அவர் நின்றதும் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு வாய் திறந்தபடி அவர் தூங்குவதும் இருந்தது. மனைவி ஒரு நிமிடம் பேசினாள். “முன்னாடி இருந்தவரத் தேடறத விட்டுட்டேன். அவரு வர மாட்டாரு. இவரு வந்திருக்காரு. கொஞ்சம் அதிகமாப் பேசறாரு. பழகிடும்.” அந்த இடத்தில் வயலின்காரரின் இரண்டு நிமிடத்தில் பாதி வந்தது. குற்றம் சொல்ல முடியாது.

விளக்குப் போட்டு, கேள்வி கேட்கலாம் என்றார்கள். சூப்பர்வைசர் எழுந்து மைக்கை வாங்கினார்.

“சீட்டை எடுத்தது யாரு?”

கேமராக்காரர் மறுபடியும் கையைத் தூக்கினார்.

“எங்க கம்பெனியா இருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்,” என்றார் சூப்பர்வைசர். பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பினார். “ஏய்யா ஒன்றரையடி. பழைய வேலையச் செய்ய முடியுமா உன்னால?”

மனைவி அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். முடியும்னு சொல்லுங்க என்பது அந்த அழுத்தத்தின் பொருள். பழைய ஆளாக இருந்தால் ‘செஞ்சிடலாம் சார்’ என்று சொல்லியிருப்பார். பொய் சொல்லக் கதவு வேண்டுமே.

“முடியாது சார்.”

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

“குழிக்குள்ள இறங்கினா தலை சுத்தும். பன்னண்டு மணிக்கு மேல எம் பேரைக் கேட்டாலும் யோசிப்பேன். எட்டுலேர்ந்து பன்னண்டு வரைக்கும், தரையில நின்னுக்கிட்டு, மத்தவன் செஞ்ச வேலைய ஒவ்வொரு போல்ட்டா சரிபாப்பேன். ஒண்ணையும் விடமாட்டேன். நான் எதையும் ஞாபகத்துலேர்ந்து செய்யறதில்ல, எழுதி வச்சுத்தான் செய்யறேன். உங்க பசங்க ஞாபகத்துல செய்யறாங்க. அதான் போன மாசம் அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுச்சு.”

“அது உனக்கு எப்படித் தெரியும்?”

“உள்ள மாட்டினது நான்தான் சார். தலையக் காட்டப் போயிருந்தேன்.”

முன்வரிசை மறுபடியும் வெடித்தது. சூப்பர்வைசர் அது அடங்கும்வரை மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எங்கிட்ட பதினாலு பேரு இருக்கான்,” என்றார். “முடியாதுன்னு இதுவரைக்கும் ஒருத்தன் சொன்னதில்ல. லிஃப்ட்தான் சொல்லுது.” தொண்டையைச் செருமினார். “திங்கக்கிழமை எட்டு மணிக்கு வா. அந்த நாலு மணி நேரத்துக்கு.”

மண்டபம் கை தட்டியது. பேங்க் கிளார்க் பஞ்சை இன்னும் உள்ளே அழுத்திக்கொண்டு தட்டினார். மெக்கானிக் எழுந்து நின்றார்.

“வரேன் சார். ஆனா நீங்க சொன்னது வீட்டுக்குப் போறதுக்குள்ள மறந்துடும். எழுதிக் குடுங்க.”

வேலையில் சேர்ந்த நாள் முதல் எல்லா வாக்கையும் வாயால் மட்டுமே கொடுத்துக் காப்பாற்றாமல் வந்திருந்த சூப்பர்வைசர் சட்டைப் பையைத் தடவினார். பேனா இல்லை என்றார். முன்வரிசையிலிருந்து ஆறு பேனாக்கள் நீண்டன. அந்த வரிசையில் பேனா இல்லாமல் யாரும் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. காகிதம் இல்லை என்றார். மச்சினன் ஓடிப்போய் ஒரு கட்டு கொண்டுவந்தான். கேமராக்காரர் சந்தடியில்லாமல் கேமராவைத் திருப்பிவைத்தார்.

சூப்பர்வைசர் நாற்காலி முதுகில் காகிதத்தை வைத்து எழுதினார். வேர்த்தது. கையெழுத்துப் போட்டு நீட்டினார். மெக்கானிக் கை நீட்டுமுன் மனைவி வாங்கிக்கொண்டாள். பல் ஆஸ்பத்திரியில் தினம் நூறு சீட்டு பார்க்கிற கண். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். மறுபடியும் ஒரு தடவை படித்தாள்.

“என்னம்மா, சரியா இருக்கில்ல?” என்றார் சூப்பர்வைசர்.

“எல்லாம் சரியா இருக்குங்க,” என்றாள் அவள், பேனாவைத் திருப்பி அவர் கையில் கொடுத்தபடி. “எந்தத் திங்கக்கிழமைன்னு மட்டும் போட்டுடுங்க.”